எந்த இடத்தில் நின்றுவிட்டான்?

படிப்பில் பின்தங்கும் பிள்ளைகள், அவர்களைக் கைதூக்கிவிடும் ஆசிரியர்கள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

என் மகன் நான்காம் வகுப்பு. "படிப்பு ஏறவே மாட்டேங்குது" என்று அவன் மிஸ் சொல்லிவிட்டார். ஏறுமா, ஏறாதா?
– ஒரு தாய், தேனி

ஏறும் அம்மா. மிஸ் சொன்னது பாதிதான். எந்த இடத்தில் நின்றுவிட்டான் என்ற மீதியை அவரிடம் கேட்டு வாங்குங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா, சொல் சொல்லாகப் படிக்கிறானா? கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தில் திணறுகிறானா? கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா? "எல்லாத்திலயும் வீக்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். ஏதோ ஒரு பாடத்தில், ஏதோ ஒரு நாளில், ஓர் இடத்தில் நின்றிருக்கிறான். அதற்கு மேல் நடத்தியதெல்லாம் அவனைத் தாண்டிப் போய்விட்டது. பல நேரம் அந்த இடம் இரண்டு வகுப்புக்குக் கீழே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை: கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். போர்டில் எழுதியது தெரியாத பிள்ளைக்கு எந்த டியூஷனும் உதவாது.

அன்பான ஆசிரியர் என்றால் யார்? சிரித்துப் பேசுகிறவரா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

சிரிக்காதவராகவும் இருக்கலாம். தன் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எது தெரியாது என்பதை நோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர்.

பின்தங்கிய பிள்ளை என்று பாவம் பார்த்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் கெட்டுப்போகாதா?
– ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்

கெட்டுத்தான் போகும் ஐயா. ஹெலன் கெல்லர் வீட்டில் அதுதான் நடந்தது. 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் பார்வையும் செவியும் போய்விட்டன. பாவம் பார்த்த பெற்றோர் எதற்கும் தடை சொல்லவில்லை. 1887 மார்ச் 3 அன்று அலபாமாவின் டஸ்கம்பியா ஊருக்கு வந்து இறங்கிய ஆசிரியை ஆன் சல்லிவன் கண்டது, சாப்பாட்டு மேசையைச் சுற்றிவந்து எல்லார் தட்டிலும் கைவிட்டு எடுத்துத் தின்னும் ஆறு வயதுப் பிள்ளையை. ஆனுக்கு அப்போது வயது 20. தன் தட்டில் கைவைக்க அவர் விடவில்லை. வீட்டார் எழுந்து வெளியே போனதும் கதவைப் பூட்டினார். ஹெலன் உதைத்தாள், கிள்ளினாள், கரண்டியை வீசினாள். வீசிய கரண்டியை அவளே எடுத்துச் சாப்பிட்டு, கைத்துண்டை மடித்து வைக்கும் வரை ஆன் நகரவில்லை. அன்பு என்றால் அந்தப் பிடிவாதமும் சேர்த்திதான். "இந்தப் பிள்ளையால் முடியும்" என்று அவர் உறுதியாக நம்பினார். முடியும் என்று நம்பியதால்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் அதன் பெயரை எழுத்தெழுத்தாக உணர்த்திய கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து அவர் செய்தது. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்றுக்கு 15 மாதம். அந்தக் குழந்தை பேச்சைப் பழகும் விதத்தை ஆன் உட்கார்ந்து கவனித்தார். அதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை; எல்லாரும் அதனிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். உடனே தன் பாட அட்டவணையைத் தூக்கி வைத்துவிட்டார். அன்று முதல் ஹெலனின் உள்ளங்கையில் முழு வாக்கியங்களாகப் பேச ஆரம்பித்தார். 1904-ல் ராட்கிளிஃப் கல்லூரியில் ஹெலன் பட்டம் வாங்கினார். வகுப்பில் நடந்த பாடங்களை அவர் கையில் எழுதிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன் சல்லிவனே கண்நோயால் பெரும்பகுதி பார்வையை இழந்து, தாயையும் இழந்து, ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர். 14 வயதில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1886-ல் பட்டமளிப்பு விழாவில் தன் வகுப்பின் சார்பில் உரையாற்றியவரும் அவரே.

வகுப்பில் 40 பேர். நான் ஒருத்தி. ஒவ்வொரு பிள்ளையாக எப்படிப் பார்ப்பது?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, தருமபுரி

உங்கள் கேள்வி நியாயமானது டீச்சர். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கூடுதல் ஆசிரியர் கேட்டு எழுதுங்கள். பதில் வருகிற வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதால் கைவசம் உள்ள வழியைச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு நான்கு பேர். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவரை அருகில் அழைத்து ஒரு பத்தி வாசிக்க வையுங்கள். ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறார் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பள்ளி நாட்களில் நாற்பது பேரும் முடிந்துவிடுவார்கள். அந்த நாற்பது வரிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். நாற்பது விதமான பிரச்சினைகள் இருக்காது, நான்கைந்துதான் இருக்கும். ஒரே இடத்தில் நிற்பவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் தனித்தனியாகச் சொல்லித்தரும் வேலை பாதியாகும்.

2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்ததன் அடிப்படையும் இதுதான். வட இந்தியாவில் பிரதம் அமைப்பு, வகுப்பை மறந்துவிட்டு வாசிக்கும் நிலையை வைத்துக் குழுவாக்கிச் சொல்லித்தந்தது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் அந்த முறையைப் பள்ளிகளில் வைத்துச் சோதித்துப் பார்த்து, பலன் தருகிறது என்று கண்டார்கள். இருவரும் 2019-ல் நோபல் பெற்றவர்கள். ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான் என்பதற்காக ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தையே நீட்டாதீர்கள் என்பதுதான் அவர்கள் கண்டதன் சாரம்.

ஓர் எச்சரிக்கை. குழு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால் அது கடைசி பெஞ்சுதான், பெயர் மட்டும் வேறு.

நாலு போட்டால்தான் சில பிள்ளைகள் படிக்கும். இதை ஏன் யாரும் ஒப்புக்கொள்வதில்லை?
– ஒரு தந்தை, விருதுநகர்

அடித்தால் பிள்ளை அடிக்குத் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். தெரியாததை மறைக்கும், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும், வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடும். இதில் எது படிப்பு? உடலை வருத்தும் தண்டனை, மனதைப் புண்படுத்தும் பேச்சு இரண்டையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. "நீ எல்லாம் எதுக்குப் பள்ளிக்கூடம் வர்ற" என்பதும் அந்தத் தடைக்குள் வரும்.

கேள்வி கேட்டால் என் மகள் வாயைத் திறப்பதில்லை என்று சார் சொல்கிறார். வீட்டில் ஓயாமல் பேசுகிறாள்.
– ஒரு தாய், சிதம்பரம்

சார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். உடனே அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்கள். அதையே மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். சாரிடம் குறையாகச் சொல்லாமல், வேண்டுகோளாகச் சொல்லுங்கள்: "அவளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க சார்." செலவில்லாத மாற்றம் இது.

தினமும் ஒரு புகார் வருகிறது. பள்ளியை மாற்றலாமா? இவ்வளவு புகார் வந்திருக்கிறது என்பதை அவனிடமே சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

பள்ளியை மாற்றலாம். அவனிடம் சொல்ல வேண்டாம்.

டோக்கியோவில் ஒரு சிறுமியை ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பினார்கள். பாட நேரத்தில் ஜன்னலருகே போய் நின்று, தெருவில் போகும் வாத்தியக்காரர்களை அழைத்தாள். மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடினாள். அம்மா அவளிடம் எதையும் சொல்லாமல் வேறு பள்ளிக்கு அழைத்துப் போனார். தலைமையாசிரியர் சொசாகு கோபயாஷி அம்மாவை அனுப்பிவிட்டு, "உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்" என்கிற மாதிரி எதிரே உட்கார்ந்தார். நான்கு மணி நேரம் அவள் பேசினாள். அவர் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கிய டோமோயி பள்ளி அது. அந்தச் சிறுமி தெத்சுகோ குரோயானகி. பின்னாளில் ஜப்பான் முழுக்கத் தெரிந்த நடிகை, தொலைக்காட்சித் தொகுப்பாளர். 1981-ல் அவர் எழுதிய 'டோட்டோ-சான்' தமிழிலும் வந்திருக்கிறது. முதல் பள்ளியிலிருந்து தன்னை விலக்கினார்கள் என்பதை அம்மா அவருக்குச் சொன்னது, இருபது வயதான பிறகுதான்.

அந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்தது விளையாட்டு விழா. கைகால் வளர்ச்சி நின்றுபோன ஒரு மாணவன் அங்கே இருந்தான். உயரம் குறைந்த பிள்ளைக்குச் சாதகமாக அமையும்படி கோபயாஷி போட்டிகளை வகுத்தார். எல்லாவற்றிலும் அவன்தான் முதல். பரிசு காய்கறிகள்; வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட. எப்போதும் தோற்கிற பிள்ளைக்கு, ஊரறிய ஒரு வெற்றி வேண்டும். உங்கள் மகனுக்கு எதில் அது கிடைக்கும் என்று புதுப் பள்ளி ஆசிரியரிடம் முதல் நாளே பேசுங்கள். புகார்ப் பட்டியலை அவரிடமும் கொடுக்காதீர்கள்.

என் மகள் பாடத்தை வாயால் அழகாகச் சொல்கிறாள். எழுதினால் எல்லாம் தப்பு. ஐந்தாம் வகுப்பு. சோம்பேறித்தனமா?
– ஒரு தந்தை, வேலூர்

இல்லை என்றே நினைக்கிறேன். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம், சோதித்துப் பார்த்துவிடுங்கள். ஐந்து ஆறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது சாதாரணம். ஐந்தாம் வகுப்பிலும் எழுத்து இடம் மாறுவது, கொம்பு விட்டுப்போவது, வரி தவறுவது தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் வாயால் சொல்வதே அதற்குச் சாட்சி.

வகுப்பாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்கே இதில் பயிற்சி தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அதெல்லாம் பிறகு. நாளைக்கே அவள் டீச்சரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கேள்வித்தாளை அவளுக்கு வாசித்துக் காட்டட்டும், பதிலை வாயால் வாங்கட்டும், முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வகுப்பு முன் உரக்கப் படிக்கச் சொல்லாமல் இருக்கட்டும். தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுத வைப்பது அவளுக்கு மருந்தாகாது.

ஆசிரியர் நம்பினால் மட்டும் மார்க் வந்துவிடுமா?
– பி.எட். மாணவர், சேலம்

நம்பினால் ஆசிரியரின் நடத்தை மாறும். அதனால் மார்க்கும் மாறலாம். 1968-ல் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளி. "இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் ஒரு பட்டியல் தந்தார்கள். உண்மையில் அது கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பெயர்கள். ஆண்டு முடிவில், முக்கியமாக ஒன்று, இரண்டாம் வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று நிறைய வாதிட்டார்கள். சிறியது என்று சொன்னவர்கள் பலர். சரி, சிறியது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சிறியதை எந்தப் பிள்ளைக்கு மறுக்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை.

எட்டு வரை எல்லாரும் பாஸ். ஃபெயில் போட்டால்தானே பயம் வரும்?
– வணிகர், ஈரோடு

ஃபெயிலாகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்த பிள்ளைகள் உண்டு. இத்தாலியில் டஸ்கனி மலையில் பார்பியானா என்ற சிற்றூர். அரசுப் பள்ளிகள் ஃபெயிலாக்கி அனுப்பிய விவசாயப் பிள்ளைகளுக்கு லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே பாடம் சொல்லித்தந்தார். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தருவது அங்கே வழக்கம். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967-ல் நூலானது. 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க' என்று தமிழிலும் படிக்கலாம். கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள்: ஃபெயில் என்ற கத்தி ஏழை வீட்டுப் பிள்ளைமேல்தான் இறங்குகிறது.

அதற்காக, சொல்லித்தராமல் பாஸ் போட்டு அனுப்புவதை நான் ஆதரிக்கவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையை அடுத்த வகுப்புக்குத் தள்ளுவதும் கைகழுவுவதுதான். ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் நிலையையும் அறிந்து, தேவையான கூடுதல் பயிற்சி தர வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியருக்கு விதித்த கடமை. ஃபெயிலா பாஸா என்று சண்டை போடுகிறவர்கள் அந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வகுப்பு டீச்சர் தன்னிடமே டியூஷன் வரச் சொல்கிறார். அனுப்பினால் பிள்ளையைக் கவனிப்பாரோ?
– ஒரு தாய், நாகர்கோவில்

அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. வகுப்பிலேயே கவனிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம்மூரில் உதாரணம் இல்லையா?
– வாசகர், பரமக்குடி

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு. சிவசுப்பிரமணிய அய்யர் பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டு நடத்தினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் ஒரு பையன். இன்னும் பலரும் அதையே சொன்னார்கள். அய்யர் கோபப்படவில்லை. மாலையில் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டி, அங்கே வைத்துத் திரும்ப நடத்தினார். அந்தப் பையன் அப்துல் கலாம். தன் வாழ்க்கையின் திசையை அந்தப் பாடம் முடிவு செய்தது என்று பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். கலாம் குடியரசுத் தலைவரானது இருக்கட்டும். புரியவில்லை என்று பயமில்லாமல் சொல்ல முடிந்த வகுப்பு அது, அதுதான் முக்கியம்.

அப்பா இல்லாத மாணவன். பாட்டி அவனை வேலைக்கு அனுப்பப் போகிறார். குடும்ப விஷயத்தில் நான் தலையிடலாமா?
– உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், ஆம்பூர்

தலையிடுங்கள் சார், இன்றே. அல்ஜியர்ஸ் நகரில் லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் இதே கேள்வியோடு ஒரு வீட்டுப் படியேறினார். அப்பா போரில் இறந்துவிட்டார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கவும் தெரியாது. வீட்டை நடத்திய பாட்டிக்குப் பையன் சம்பாதிக்க வேண்டும். ஜெர்மேன் பேசிச் சம்மதிக்க வைத்தார். உதவித்தொகைத் தேர்வுக்காகப் பணம் வாங்காமல் தினமும் கூடுதலாகப் பாடம் சொல்லித்தந்தார். 1957-ல் நோபல் பரிசு அறிவித்த பிறகு, அம்மாவுக்கு அடுத்தபடியாக நினைத்தது உங்களைத்தான் என்று அந்த மாணவன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவர்தான் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. நோபல் உரையை நூலாக்கியபோது அதையும் ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார்.

பாட்டியைக் குற்றவாளியாக்காமல் பேசுங்கள். அவர் கணக்கு வயிற்றுக் கணக்கு. விடுதி, உதவித்தொகை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான உதவிகள் என்னென்ன என்று கையில் விவரத்தோடு போங்கள். பையனுக்கு 14 வயது ஆகவில்லை என்றால் வேலைக்கு வைப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும்.

நான் எட்டாவது. எனக்குத் தமிழ் சரியாப் படிக்க வராது. யாருக்கும் தெரியாம சமாளிக்கிறேன். இந்தக் கேள்விய அக்கா எழுதித் தர்றாங்க. என்ன செய்யட்டும்?
– ஊர் போட வேண்டாம்

தம்பி, எட்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் சமாளித்திருக்கிறாய் என்றால் உனக்கு மூளை நன்றாகவே வேலை செய்கிறது. கேட்டதை ஞாபகம் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்து யூகித்து, இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். அந்த உழைப்பில் பாதி போதும் படிக்கக் கற்றுக்கொள்ள.

உன் பள்ளியில் உன்னைத் திட்டாத ஒரு ஆசிரியர் இருப்பார். தமிழ் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை, பி.டி. சாராகக்கூட இருக்கலாம். பெல் அடித்து எல்லாரும் போன பிறகு அவரிடம் போ. "சார், எனக்குப் படிக்க வரல, கத்துக்கணும்" என்று மட்டும் சொல். வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு. அக்காவையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதுவரை தினமும் கால் மணி நேரம் அக்காவோடு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் படி. வெட்கப்பட ஒன்றுமில்லை, நின்ற இடத்திலிருந்துதான் நடக்க முடியும்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பையன் உங்கள் பள்ளியிலும் இருக்கிறான். அவன் வந்து நிற்கும்போது "இத்தனை வருஷம் என்ன பண்ணின?" என்று கேட்டுவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். ஒரு பத்தி வாசிக்க வைத்து, எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். அடுத்த நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.